வெளுத்ததெல்லாம் பால்

மிளகாய்ச் செடியின் இலையில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அது ஏழெட்டு விஷயங்களில் ஒன்றாக இருக்கும். உறைபனி, பூஞ்சை, பூச்சி, பூச்சி உரித்துப் போட்ட தோல், உப்பு, சுண்ணாம்பு, போன வாரம் நாமே அடித்த மருந்து. இத்தனையும் என் தோட்டத்துக்கு வந்து போயிருக்கின்றன. ஒன்றைக்கூட நான் பார்த்தவுடன் சரியாகச் சொன்னதில்லை.

இத்தனைக்கும் தாவரவியல் பட்டதாரி. பூஞ்சைகளுக்கென்றே தனிப் பேப்பர் உண்டு, அதில் மார்க்கும் நன்றாகத்தான் வாங்கினேன். ஆனால் பரீட்சைக்கு வந்த பூஞ்சையெல்லாம் கண்ணாடித் தகட்டில், மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, ஓடாமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்துப் பையன் வரைந்த படத்தைப் பார்த்துத்தான் அதையும் எழுதினேன்.

அருவங்காடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் வழியில், வெலிங்டனுக்கும் கேத்திக்கும் நடுவே, கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். 1903-ல் தொடங்கிய கார்டைட் பேக்டரிதான் எங்கள் அடையாளம். பீரங்கிக்கு மருந்து செய்கிற ஊர். மிளகாய்ச் செடிக்கு என்ன மருந்து என்று தெரியாமல் அதே ஊரில் நான் அலைந்தேன்.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பூண்டு என்று போடுவார்கள். இந்த மண்ணுக்கும் குளிருக்கும் அதுதான் தோது. நான் கீழ்நாட்டிலிருந்து வேலைக்காக மலையேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவன். ரிட்டயர் ஆனதும் குடைமிளகாயும் பஜ்ஜி மிளகாயும் வீட்டிலேயே காய்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. கடைத்தெரு வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே இரண்டுமே கிடைக்கும்.

முதல் வெள்ளை ஒரு ஜனவரியில் வந்தது. விடிந்தும் விடியாமலும் போய்ப் பார்க்கிறேன், எல்லா இலையிலும் மெல்லிசாக வெள்ளைப் படலம். உடனே எனக்குள் இருந்த பட்டதாரி விழித்துக்கொண்டான். “சாம்பல் நோய்” என்று வாய்விட்டே சொன்னேன். கேட்பதற்கு மனைவிகூட எழுந்திருக்கவில்லை.

உரக்கடை திறக்கும்வரை காத்திருந்து போனேன். கடைக்காரர் தலை நிமிராமல் வியாபாரம் செய்கிறவர். “என்ன பயிர்?” மிளகாய் என்றேன். “எத்தனை ஏக்கர்?” குரலைத் தாழ்த்தி, “தொட்டி” என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

மருந்தோடு வீடு திரும்பினால் இலையெல்லாம் சுத்தமாக இருக்கிறது. மருந்து வாங்கி வருவது தெரிந்து நோய் பயந்து ஓடிவிட்டது என்று நான் நினைத்ததாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலையில் நோய் திரும்பி வந்தது. பத்து மணிக்கு மறுபடி போய்விட்டது. பேக்டரி ஷிப்டாவது வாரத்துக்கு ஒருமுறை மாறும்.

கீழ் வீட்டு அக்கா வேலியோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். சின்ன வயதிலிருந்து கொழுந்து பறித்தவர். “தம்பி, அது பனி. உறைபனி. தேயிலைக் கன்னுக்கே காஞ்ச புல்லைப் போட்டு மூடுறோம், நீங்க மொளகாயைத் தொறந்து போட்டு வச்சிருக்கீங்க” என்றார். அதற்குள் இலைகள் கறுத்துச் சுருண்டுவிட்டன. வாங்கிய மருந்து மட்டும் நலமாக இருந்தது.

சரி, பனிக்கு ஒரு வழி செய்வோம் என்று பாலிஹவுஸ் கட்டினேன். கோத்தகிரிப் பக்கம் பெரிய பெரிய பாலிஹவுஸில் கார்னேஷனும் குடைமிளகாயும் வளர்வதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். பஸ்ஸிலிருந்து பார்த்த அறிவுதான் மூலதனம். மூங்கில் நட்டு, பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, நான்கு பக்கமும் கல் வைத்து அடைத்தேன். காற்றுப் போக வழி வேண்டும் என்பது பஸ்ஸிலிருந்து தெரியவில்லை.

உள்ளே சமையலறைக் கணக்காக வேர்த்துக் கொட்டியது. சில நாளில் இலை விளிம்புகளில் சின்னச் சின்னதாக வெள்ளைக் குருணை. விரலால் தொட்டால் நறநறவென்றது. என்னவாக இருக்கும் என்று யோசித்து, விஞ்ஞானிக்கு உரிய ஆர்வத்தோடு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. இரண்டு நாள் முன்னால் அதே இலையில் என்ன தெளித்தோம் என்பது வாயைக் கொப்பளிக்கும்போது ஞாபகம் வந்தது.

விஷயம் இதுதான். மண் சொதசொதவென்று ஈரமாக இருந்து, காற்றும் ஈரமாக இருந்தால், வேர் உறிஞ்சிய தண்ணீரை இலையால் ஆவியாக விட முடியாது. ராத்திரியில் அது இலை விளிம்பு வழியே சொட்டாக வெளியே வரும். காலையில் சொட்டு காய்ந்ததும் அதில் கரைந்திருந்த உப்பு இலையிலேயே தங்கிவிடும். நான் ஆல்-நைன்டீன் உரத்தை, செடி சீக்கிரம் வளரட்டும் என்று இரட்டை அளவு கொடுத்திருந்தேன். கையில் கொடுத்த உரத்தைச் செடி நாசூக்காகத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நான் அதைச் சாப்பிட்டும் பார்த்துவிட்டேன்.

அடுத்தது சுண்ணாம்பு. நீலகிரி மண் புளிப்பு மண். டோலமைட் போடாமல் காய்கறி சரியாக வராது என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நானும் போட்டேன். காற்று அடிக்கிற மதியத்தில் போட்டேன். மறுநாள் இலையில் வெள்ளைப் பொடியைப் பார்த்துப் பதறி வேப்பெண்ணெய் அடித்தேன். பொடியாக இருந்தது எண்ணெயோடு சேர்ந்து பூச்சு ஆயிற்று.

இடையில் ஒரு தியரியும் வைத்திருந்தேன். மலை ரயில் எங்கள் வீட்டுக்குக் கீழேதான் போகிறது. என்ஜின் சாம்பல் பறந்து வந்து இலையில் விழுகிறது என்று விருந்தாளிகளிடம் கைநீட்டிக் காட்டி விளக்குவேன். மேட்டுப்பாளையத்தில் புறப்படும் நீராவி என்ஜின் குன்னூரோடு கழன்றுகொள்ளும். அங்கிருந்து ஊட்டிவரை டீசல்தான் இழுக்கும். அந்த டீசல் ஹாரனில்தான் நான் தினமும் கண் விழிக்கிறேன்.

பிறகு ஒரு நாள் இலையின் மேல் வெள்ளைத் துணுக்குகள். ஊதினால் பறக்கும். இது சுலபமான கேஸ் என்று பெயின்ட் பிரஷ் ஒன்றை எடுத்துத் தினமும் காலையில் இலை இலையாகத் துடைத்தேன். தியானம் செய்கிற நிம்மதி கிடைத்தது. துணுக்கு மட்டும் தினமும் புதிதாக வந்தது.

அது அசுவினியின் தோல். அசுவினி வளர்ந்து முடிவதற்குள் நான்கு தடவை சட்டை உரிக்கும். உரித்த சட்டை மேல் இலையிலிருந்து கீழ் இலையில் விழும். பூச்சியே பச்சை நிறத்தில், துளிர் இலையின் அடியில் மூக்கைக் குத்திச் சாறு குடித்துக்கொண்டிருக்கும். நான் தினமும் துவைத்துக்கொண்டிருந்தது அதன் பழைய துணியை.

இதையும் அக்காதான் சொன்னார். “தம்பி, எலையைத் திருப்பிப் பாத்தீங்களா?” என்றார். திருப்பவில்லை. இலைக்கு இரண்டு பக்கம் உண்டு என்று பி.எஸ்ஸி. முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள்.

தேயிலைக்காரர்களுக்கு இலையைத் திருப்பிப் பார்ப்பது ரத்தத்தில் ஊறியது. 1946-ல் கொப்புள நோய் தென்னிந்தியத் தேயிலைக்குள் நுழைந்தது. இளம் இலையின் மேல்பக்கம் சின்னக் குழி விழும். அடிப்பக்கம் அதே இடம் புடைத்து, வெல்வெட் போர்த்தியது மாதிரி வெள்ளையாக இருக்கும். அந்த வெல்வெட் முழுக்கப் பூஞ்சையின் வித்துகள். மழைக்காலத்தில் தாமிர மருந்து அடித்துத்தான் அதை அடக்கிவைத்திருக்கிறார்கள். அக்கா ஒரு இலையைப் பறித்துத் திருப்பிக் காட்டி, “இதுதான் கொப்புளம், பாத்துக்கங்க” என்றார். பார்த்துக்கொண்டேன். என் மிளகாயில் அது வரவே வராது என்பதையும் சேர்த்துச் சொன்னார், நான் கேட்பதற்குள்.

மாவுப்பூச்சிக் கதை கொஞ்சம் நீளம். இதில் நான் கொலைகாரன் ஆகிவிட்டதால் ஒழுங்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளைக் கணுக்களில் பஞ்சு அடைத்தது மாதிரி வெள்ளை, கீழே எறும்பு வரிசை, இலையில் பிசுபிசுப்பு. இதுதான் மாவுப்பூச்சியின் லட்சணம். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் அடிக்கிற மருந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதைப் பற்றிப் பாடம் நடத்தவே வேண்டாம். 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது அங்கேதான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கண்டதையெல்லாம் வெள்ளையடித்துவிட்டுப் போனது. மருந்துக்கு மசியவில்லை. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவிதான் அடக்கியது.

இந்தக் கதையைச் சொல்லி, கோவையிலிருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு டப்பா பொறிவண்டு கொடுத்தனுப்பினார். கிரிப்டோலேமஸ். ஆஸ்திரேலியாக்காரர். காப்பித் தோட்டத்துச் செதில் பூச்சியைத் தின்னட்டும் என்று 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது மாவுப்பூச்சி ருசி கண்டு இங்கேயே தங்கிவிட்டது. கறுப்பு உடம்பு, ஆரஞ்சுத் தலை. வேலைக்கு வந்த இடத்தில் தங்கிவிட்டதால் எனக்கு அதன்மேல் ஒரு பாசம். பாலிஹவுஸில் திறந்துவிட்டு, வாசல் ஷீட்டை மூடிவிட்டு, மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் எனக்கு மயக்கமே வந்தது. முன்பிருந்ததைவிடப் பெரிய மாவுப்பூச்சிகள். உடம்பெல்லாம் வெள்ளை இழை தொங்க, செடி முழுக்க ஓடுகின்றன. மாவுப்பூச்சி இப்படி ஓடாதே என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியை மதிக்காமல், பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்துச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலை.

சாயந்திரம் நண்பருக்குப் போன் போட்டு, “உங்க வண்டு சரியில்லை சார், பூச்சி ஜாஸ்தி ஆயிடுச்சு, எல்லாத்தையும் கையாலயே கொன்னுட்டேன்” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கிரிப்டோலேமஸின் புழு மாவுப்பூச்சி வேஷம் போட்டுக்கொண்டுதான் மாவுப்பூச்சியைத் தின்னும். எறும்பு ஏமாறட்டும் என்பதற்காக அந்த வேஷம். எறும்பு ஏமாந்ததோ இல்லையோ.

அதற்குப் பிறகு உயிருள்ள எதையும் நம்பி இறங்குவதில்லை என்று பாலுக்கு மாறினேன். சிரிக்காதீர்கள், இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறது. பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற விஞ்ஞானி, சுக்கினிக் கொடியின் சாம்பல் நோய்க்குப் பசும்பாலைப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தண்ணீரில் கலந்து அடித்தால் கேட்கிறது என்று 1999-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். வருமுன் காப்போம் என்று நானும் அடித்தேன். பத்துக்கு ஒன்று என்பது எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டதால் கொஞ்சம் திக்காக.

இலையில் பால் காய்ந்து வெள்ளைத் திட்டு ஆயிற்று. பாலிஹவுஸுக்குள் புளித்த வாடை. தெருவிலிருந்த பூனைகள் ஷீட்டைப் பிறாண்டின. வீட்டில் சாயங்காலக் காப்பி கறுப்பாக வர ஆரம்பித்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

உண்மையான சாம்பல் நோய் சரியாக இந்தச் சமயம் பார்த்து வந்தது.

மார்ச் மாதம். பகலில் வெயில், ராத்திரி குளிர், மழை கிடையாது. இலையின் அடியில் அங்கங்கே வெள்ளைத் திட்டு. இதற்குள் இலையைத் திருப்பிப் பார்க்கப் பழகியிருந்தேன். பார்த்தேன். பார்த்துவிட்டு மனைவியிடம் நிதானமாகச் சொன்னேன்: “ஒண்ணுமில்லை, பால் கறை.”

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஏமாளியைப் பற்றி ஊரில் சொல்வார்கள். அவனாவது யாரோ சொல்லித்தான் நம்பினான். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பால் கறை மேல் இலைக்குப் பரவாது, மேல்பக்கத்தில் மஞ்சள் திட்டு வராது, இலை மேல்நோக்கி மடங்கி உதிராது. இதெல்லாம் நடந்தது. கீழே விழுந்த இலைகளைக் கூட்டி அள்ளும்போதுகூட, பால் கொஞ்சம் ஜாஸ்தி ஆகிவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். மிச்சமிருந்த பிஞ்சுகள் நிழல் போய் வெயிலில் வெந்து, ஒரு பக்கம் வெளுத்துப்போயின. அதையும் ஒரு புது நோய் என்று நோட்டில் குறித்து வைத்தேன்.

ஒரு வழியாகக் குன்னூரில் வேளாண் ஆலோசனை சொல்கிற ஓர் அம்மாவிடம் போனேன். படித்தவர், என் மகள் வயது. இலையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஆபீசுக்குப் போகிறோமே, மண்ணும் தூசியுமாகக் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று குழாயில் நன்றாக அலசி, துண்டால் ஒற்றி, கவரில் போட்டு எடுத்துப் போனேன். அவர் லென்ஸை வைத்து இலையின் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், நோயைக் கழுவிட்டு வந்து என்ன நோய்னு கேக்கறீங்களே” என்றார்.

அலசியும் போகாமல் ஒரு மூலையில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை எனக்கும் லென்ஸில் காட்டினார். வெறும் கண்ணுக்கு மாவு அப்பியது போலிருந்தது, லென்ஸில் மெல்லிய நூல் நூலாக நின்றது. ரோஜாவிலும் பூசணியிலும் வருகிற சாம்பல் நோய் இலைக்கு மேலே படர்கிற ஜாதியாம். விரலால் துடைத்தால் வரும். மிளகாய்க்கு வருவது லெவில்லுலா டாரிக்கா. அது இலைக்குள்ளேயே குடியிருந்து, அடிப்பக்கத்து இலைத்துளைகள் வழியாகத் தண்டை நீட்டி வித்து விடுமாம். வெளியே வெள்ளை தெரியும்போது உள்ளே குடித்தனம் நடந்துகொண்டிருக்கும். ரோஜாவிலிருந்து இதற்கு ஒட்டாது, இதிலிருந்து ரோஜாவுக்கும் ஒட்டாது. மனைவியின் ரோஜாத் தொட்டிகளை நான் ஏற்கெனவே தெருக்கோடிக்கு நாடுகடத்தியிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

“தண்ணி தேங்கினா பூஞ்சை வரும்னுதான் சார் எல்லாரும் நினைக்கறாங்க. இது நேர்மாறு. இலை நனையாம இருந்தாலே முளைச்சுக்கும். மழை அடிச்சா இதுக்கு ஆகாது. உங்க செடி மழையில நனையுதா?” என்று கேட்டார். ஒரு சொட்டுகூட விழாமல் பாலிஹவுஸ் போட்டு வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். நீலகிரியில் பூஞ்சையிடம் தோற்பது அவமானமில்லை. கோதுமையின் துரு நோய் வடநாட்டுக்கு வருஷா வருஷம் எங்கிருந்து வருகிறது என்று ஆக்ராவிலிருந்த பேராசிரியர் கே.சி.மேத்தா தேடித் தேடி, அது கோடையில் நீலகிரி, பழனி மலைகளில் தங்கியிருந்து, காற்றிலேறிப் போகிறது என்று 1940-களிலேயே நிறுவிவிட்டார். எங்கள் பக்கத்து ஊரான வெலிங்டனில் கோதுமைத் துரு நோய்க்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து ஊட்டிக்கு வந்தது வெள்ளைக்காரன் மட்டுமில்லை. இந்த ஆறுதலில் லயித்து இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

அந்த அம்மா எழுதிக் கொடுத்தது நனையும் கந்தகம், லிட்டருக்கு 3 கிராம். முதல் திட்டு தெரிந்ததும் அடிக்க வேண்டும், பதினைந்து நாள் இடைவெளியில் திரும்ப அடிக்க வேண்டும், இலையின் அடியில் படுகிற மாதிரி அடிக்க வேண்டும். மேலே பட்டால் மேலுக்குத்தான். உரக்கடையில் அரை கிலோ பாக்கெட்தான் இருந்தது. மூன்று கிராம் கணக்குக்கு அது 160 லிட்டருக்கு மேல் வரும். என்னிடம் இருப்பது ஒரு லிட்டர் கைத் தெளிப்பான். “சின்னது இல்லையா?” என்றேன். “இதுதாங்க சின்னது. எத்தனை ஏக்கர்னு சொன்னீங்க?” என்றார் கடைக்காரர், வேண்டுமென்றே.

மூன்று கிராமை நிறுக்கத் தராசு கிடையாது. டீஸ்பூனில் ஒரு குவியல் எடுத்தேன். என் கை தாராளமான கை என்பது ஆல்-நைன்டீன் சமயத்திலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதோடு, சீட்டின் கீழே எழுதியிருந்த ஒரு வரியை நான் படிக்கவில்லை. வேப்பெண்ணெய் மாதிரி எண்ணெய் அடித்திருந்தால் கந்தகம் அடிக்க இரண்டு வாரமாவது தள்ள வேண்டும், இல்லையென்றால் இலை கருகும். நான் முதல் நாள்தான் வேப்பெண்ணெய் அடித்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

நோய் தொட்ட இலைகள் திட்டுத் திட்டாகக் கருகின. நோய் தொடாத இலைகள் விளிம்பிலிருந்து கருகின. ஒரு விதத்தில் பாரபட்சம் இல்லை.

மிச்சமிருந்த இலைகள்மேல் கந்தகம் காய்ந்து, வெளிறிய பொடியாக நின்றது. இப்போது எது நோய், எது மருந்து? அந்த அம்மா இதற்கும் ஒரு வழி சொல்லியிருந்தார். மருந்து என்றால் சொட்டு காய்ந்த தடம், வட்டம் வட்டமாக, தெளித்த பக்கத்தில் மட்டும் இருக்கும். வாரம் கழித்துத் துளிர்க்கிற புது இலையில் இருக்காது. நோய் என்றால் மஞ்சள் திட்டுக்கு நேர் கீழே இருக்கும். கேட்கும்போது தெளிவாகத்தான் இருந்தது. நான் குனிந்தும் நிமிர்ந்தும் எல்லாப் பக்கமும் தெளித்திருந்தேன்.

மருந்து வெளுப்பாகப் படிவதில் ஒரு லாபமும் உண்டு என்று பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். போர்டோ பக்கத்தில் ரோட்டோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்றார்கள். தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அசிங்கமாகப் பூசி வைத்தார்கள், விஷமென்று நினைத்துத் தொடாமல் போகட்டும் என்று. அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததை மில்லார்டெ என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். 1885-ல் போர்டோ கலவை வெளியுலகுக்கு வந்தது. அவரும் தாவரவியல், நானும் தாவரவியல். என் செடிகளையும் அதற்குப் பிறகு குரங்குகூடத் தொடவில்லை. அவற்றில் தொடுவதற்குக் காய் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி, வெளியே ஷீட் கிழிகிற சத்தம். பூனைதான், பழைய பால் வாடைக்கு வந்திருக்கிறது என்று ஜன்னலைத் திறந்து “சூ” என்றேன். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் என் தலைக்கு மேல் உயரத்தில் திரும்பின. பூனைக்கு அவ்வளவு உயரம் கிடையாது.

ஒற்றைக் காட்டெருமை. எங்கள் பக்கம் இது சகஜம்; பட்டப்பகலில் பஸ் ஸ்டாப்பில்கூட நிற்கும். கடாவாக இருந்தால் ஒரு டன் வரை எடை வரும். அது பாலிஹவுஸைச் சுற்றிப் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. பக்கத்துப் பாத்தியில் பீட்ரூட் தழையை நிதானமாக மேய்ந்துவிட்டு, என் பிளாஸ்டிக் ஷீட்டைக் கொம்பில் மாட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குள் இறங்கிப் போனது. நான் ஜன்னலை எப்போது மூடினேன் என்று எனக்கே தெரியாது. “சூன்னு சொன்னீங்களே, போயிடுச்சா?” என்று மனைவி கேட்டார்.

காலையில் பார்த்தால் மூங்கில் ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம். பாதிச் செடிகள் மிதிபட்டிருந்தன. மீதியை நிமிர்த்தி வைத்தேன். மேலே போட ஷீட் இல்லை, வாங்கவும் மனம் இல்லை. அதே வாரம் கோடை மழை பிடித்தது. சாயங்காலமானால் இடியோடு ஒரு மணி நேரம். இலையை, தண்டை, தொட்டியை எல்லாம் அடித்துக் கழுவியது. பழைய இலைகள் கொட்டின. பிறகு கணுவுக்குக் கணு துளிர் வந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியிலும் பச்சை.

ஜூன் வாக்கில் பஜ்ஜிக்கு ஆகிற அளவு காய் வந்தது. கீழ் வீட்டு அக்காவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “கழுவிட்டுத் திங்கலாமா தம்பி?” என்று கேட்டார். இரண்டு தடவை கழுவச் சொன்னேன்.

மிச்சத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு, அளப்பதற்காகவே உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வழக்கம்போல் குனிந்து பில் போட்டுக்கொண்டிருந்தார். பையைத் திறந்து காட்டினேன். ஓரக்கண்ணால் பார்த்தார்.

“சாம்பல் போயிடுச்சா? கடைசியா என்னதான் சார் அடிச்சீங்க?”

“காட்டெருமை” என்றேன்.

அவர் தலை நிமிராமலே கேட்டார்: “எந்தக் கம்பெனி?”